தங்கவயலிலிருந்து ஓமக்குளத்துக்கு: சுவாமி சகஜானந்தர் கட்டிய பள்ளிக்கூடம்

கோலார் தங்கவயலின் வரலாற்றைத் தங்கத்தின் எடையைக் கொண்டே எழுதுவது வழக்கமாகிவிட்டதால், அந்த ஊருக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்களாவும், சுரங்கத்தில் உழைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தேடிய கல்வியும் அந்த வரலாற்றின் ஓரத்துக்கே தள்ளப்பட்டிருக்கின்றன. பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய்வழியாக மேடேறிய தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால், 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் 38,000 பேரைக் கடந்துவிட்ட அந்தச் சுரங்க நகரம் நிலைத்திருக்க முடியாது. ஒரு காலத்தில் தாலுகாவின் தலைமையிடமாக விளங்கிய பேத்தமங்களா, பௌரிங்பேட்டைக்கு (இன்றைய பங்காருப்பேட்டை) ரயில் வந்த பிறகு அந்தச் சிறப்பை இழந்து, பக்கத்து நகரத்தின் தாகம் தீர்க்கும் ஊர் என்ற அளவில் சுருங்கிப்போனது. அதே பாலாறு கீழிறங்கிச் சென்று சேரும் வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்துதான், ஆறு வரும் திசைக்கு எதிராக, ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகள் தங்கவயலுக்கு ஏறிவந்தார்கள். அவர்களுள் ஒரு குடும்பத்தின் மகனாக இளமையில் இங்கு வந்து, இருபது வயதில் இங்கிருந்து சென்னை வழியாகச் சிதம்பரத்தை அடைந்து, தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு உண்ண உணவும் உறங்க இடமும் தந்து படிக்கவைத்த ஒரு கல்வி நிலையத்தை எழுப்பியவர் சுவாமி சகஜானந்தர்.

தமிழகத்துப் பொதுக்கல்வியின் வரலாறு பெரும்பாலும் அரசாணைகளையும் அமைச்சர்களையும் வரிசைப்படுத்தியே சொல்லப்படுகிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்ற கொள்கை, அதைக் காகிதத்தில் எழுதியவர்களால் மட்டும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை. அந்தப் பள்ளியின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்கள் முயற்சியில், தங்கள் குடியிருப்பில், தங்களுக்கென ஒரு பள்ளியைக் கட்டிக் காட்டிய பிறகே அதற்கு உயிர் வந்தது. சகஜானந்தரின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்க்கும்போதுதான், துறவி ஒருவரின் தருமப் பணி என்று பொதுவாகச் சொல்லி முடிக்கப்படும் ஒரு செயல், உண்மையில் எவ்வளவு கூரிய அரசியல் செயல் என்பது விளங்கும்.

படிக்கூலியும் காசுக்கூலியும்

சகஜானந்தரின் இயற்பெயர் முனுசாமி. அவர் 1890ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில், அண்ணாமலை, அலமேலு என்னும் உழைப்பாளிப் பெற்றோருக்குப் பிறந்தார். அக்காலத்து வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பெரும்பகுதியினர் படியாட்களாக இருந்தனர். படியாள் என்பவர், காசுக்குப் பதிலாக நாளுக்கு இத்தனை படி தானியம் என்று அளந்து வாங்கிக்கொண்டு, பெற்ற கடனுக்கு ஈடாகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்த உழவுத் தொழிலாளி ஆவார். அத்தகைய குடும்பத்தில் ஏழெட்டு வயதுப் பையன் என்பவன் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளையாக இருக்கவில்லை. பண்ணையாரின் மாட்டை ஓட்டிச் சென்று, அதற்கு ஈடாக ஒருவேளைக் கூழைப் பெற்று, வீட்டின் சோற்றுச் செலவில் ஓர் ஆளைக் குறைத்துக் கொடுக்கும் துணையாகவே அவன் இருந்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதென்றால் புத்தகத்துக்கும் பலகைக்கும் ஆகும் செலவோடு, அந்த ஒருவேளைக் கூழையும் குடும்பம் இழக்க வேண்டியிருந்தது. ஏழைகள் கல்வியின் அருமை அறியாதவர்கள் என்று அக்காலத்து அதிகாரிகள் பலர் எழுதிவைத்ததற்குப் பின்னால் இருந்தது இந்த எளிய கணக்குத்தான். அதை அவர்கள் போட்டுப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

முனுசாமி திண்டிவனத்தில் அமெரிக்கக் கிறித்துவச் சபையார் நடத்திய பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தார் என்றும், மதம் மாற உடன்படாததால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். இதைக் கொண்டு கிறித்துவப் பள்ளிகளைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஏனெனில் அரசுப் பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகளும் மூடிவைத்த கதவை முதலில் திறந்தவை அவையே. ஆனால் அந்தக் கதவுக்கும் ஒரு நிபந்தனை இருந்ததை அந்தச் சிறுவன் கண்டுகொண்டான். நிபந்தனை எதுவும் இல்லாமல் படிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் பின்னாளில் உறுதிப்பட்டதற்கு இந்த அனுபவமும் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

அவருடைய பெற்றோர் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றுவிட, அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1880களில் தொடங்கி நிர்வகித்துவந்த சுரங்கங்கள் அப்போது உச்ச நிலையில் இருந்தன; 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் நெடுந்தொலைவு கம்பிவழியாக வந்து அந்தச் சுரங்கங்களை இயக்கியது. நிலத்துக்கு மேலே வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள் மின்விளக்கில் ஒளிர, தொழிலாளர் குடியிருந்த லைன்களில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட குடிசைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. நிலத்துக்கு அடியில் வெப்பமும் பாறை வெடிப்பும் உயிரைக் குடித்தன. தங்கவயல் எந்த வகையிலும் சொர்க்கமல்ல. இருப்பினும், அங்கே கூலி காசாகக் கிடைத்தது, பண்ணையார் இல்லை, ஊர்த்தெரு, சேரி என்று தலைமுறைகளாகப் பிரித்து வைத்த எல்லைக்கோடு அந்தப் புதிய ஊரில் அதே வடிவில் இல்லை. மேஸ்திரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கடன்பட்டிருந்த நிலையிலும்கூட, மாதக் கூலியில் ஓரணா இரண்டணாவைத் தனியே எடுத்து ஒரு சங்கத்துக்குச் சந்தாவாகக் கொடுக்கவும், ஒரு பத்திரிகையை வாங்கி யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கவும் அந்தக் காசு இடம் கொடுத்தது. ஆரணிப் பக்கத்துப் படியாளுக்கு இந்த இரண்டுமே வாய்க்காதவை.

ஒரே ஊரில் இரண்டு பாதைகள்

கையில் காசு புழங்கியதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. சித்த மருத்துவரும் பெரும் புலமையாளருமான அயோத்திதாச பண்டிதர் (1845–1914), 1898இல் இலங்கைக்குச் சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்; 1907 ஜூன் 19ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. அந்தச் சங்கத்துக்கும் இதழுக்கும் மிக வலுவான துணையாக நின்றது தங்கவயலின் மாரிக்குப்பம் கிளைதான். அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலை தங்கவயலில் இயங்கியது. அவர் மறைந்து இதழும் நின்றுபோன பிறகு, 1926இல் அதை மீண்டும் உயிர்ப்பித்து நடத்திய பண்டிதர் ஜி. அப்பாதுரையாரும் தங்கவயலைச் சேர்ந்தவரே. சுரங்கத் தொழிலாளர்களின் நன்கொடையில் ஓர் அறிவு இயக்கமே நடைபெற்றது என்பது, இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அரிய செய்தியாகும்.

முனுசாமி அதே ஊரில், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இருந்தும், அவர் சென்ற பாதை வேறு. தங்கவயலில் நீலமேக சுவாமிகள் என்னும் சைவத் துறவியிடம் அவர் ஆட்பட்டார். பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மடத்தை அடைந்து, வேதாந்தமும் தமிழ் நூல்களும் பயின்றார். கரபாத்திரம் என்பது, திருவோடும் ஏந்தாமல் கையையே பாத்திரமாக்கி அதில் இட்டதை மட்டும் உண்ணும் துறவு நெறி. அந்தக் குருவே அவருக்குச் சகஜானந்தர் என்று பெயரிட்டு, 1910ஆம் ஆண்டில் சிதம்பரத்துக்கு அனுப்பிவைத்தார்.

நந்தனைப் பற்றி இந்த இரண்டு மரபுகளும் கொண்ட பார்வை இங்கே குறிப்பிடத்தக்கது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவாராகவும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் 19ஆம் நூற்றாண்டுக் கீர்த்தனை நாடகத்தில் பண்ணையாரிடம் கெஞ்சி நிற்கும் அடியாராகவும் வரும் நந்தனாரை அயோத்திதாசர் ஏற்கவில்லை. தம் ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் நந்தனை வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட ஓர் அரசனாகவே அவர் காட்டினார். சகஜானந்தரோ நந்தனாரை அடியார் என்ற நிலையிலேயே ஏற்று, அவர் தீயில் மூழ்கிய இடமென மக்கள் நம்பிவந்த சிதம்பரம் ஓமக்குளம் பகுதியையே தம் பணிக்களமாகத் தேர்ந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவது கலகம் என்றும் இரண்டாவது பணிவு என்றும் தோன்றும். ஆனால் சகஜானந்தர் அந்த இடத்தில் செய்த காரியத்தைக் கவனித்தால் அந்த முடிவு நிலைக்காது. தீயில் வெந்து உடல் மாறினால்தான் தில்லை எனப்படும் சிதம்பரம் கோயிலுக்குள் நுழையலாம் என்று சொல்லும் கதை வழங்கிய அதே மண்ணில், எதுவும் மாறாமல் அப்படியே வந்து அமர்ந்து படிக்கலாம் என்று ஒரு பள்ளிக்கூடத்தை அவர் திறந்தார். கோயிலுக்குள் போகும் உரிமையைப் பற்றிய விவாதம் நாடெங்கும் சூடுபிடிப்பதற்கு முன்பே, கோயில் நகரத்திலேயே அவர் கேட்ட முதல் உரிமை கல்வியாக இருந்தது.

25 பிள்ளைகள்

1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகம் நிறுவப்பட்டு, 25 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. அதே 1916இல்தான் தங்கவயல் அடங்கிய மைசூர் சமஸ்தானம் தன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. சிதம்பரத்திலேயே 1920இல் மீனாட்சிக் கல்லூரியும், அதிலிருந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. உயர்கல்விக்கு இவ்வளவு பெரிய வாசல்கள் திறக்கப்பட்ட காலத்தில், எழுத்தறிமுகத்துக்கே வழியில்லாத ஒரு பெருங்கூட்டம் அவற்றின் நிழலிலேயே வாழ்ந்தது.

அரசாங்கம் இதை அறியாமலில்லை. பஞ்சமர் என்று அக்காலத்தில் அரசு ஆவணங்கள் குறித்த ஒதுக்கப்பட்ட சாதியினரின் கல்விக்கென 1893ஆம் ஆண்டிலேயே சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்திருந்தது; அவர்களுக்குப் பள்ளிகள் அமைக்கவும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் சலுகைகள் அளித்த அந்த ஆணையைப் பஞ்சமர் கல்வியின் பெரும் சாசனம் என்றே அந்நாளில் போற்றினார்கள். அது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றதற்கு 1919ஆம் ஆண்டின் கணக்கு ஒன்றே சான்று: சென்னை மாகாணத்தில் பொது நிர்வாகத்தின் கீழ் நடந்த 8,157 பள்ளிகளில், அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை வெறும் 609. நூற்றுக்கு எட்டுப் பள்ளிகள்கூடத் தேறவில்லை. எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய நுட்பம். பள்ளி அக்கிரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ நடந்தது. அந்தத் தெருவில் கால்வைக்கவே அனுமதியில்லாத பிள்ளை, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எட்டுவது எங்ஙனம்? எப்படியோ எட்டிய பிள்ளைக்கும் தாழ்வாரத்தில் தனியிடமும் தண்ணீருக்குத் தனிப் பானையும் காத்திருந்தன. சேர்க்க மறுத்ததாக எந்தப் பதிவும் இருக்காது. பிள்ளை வரவில்லை என்ற பதிவு மட்டுமே மிஞ்சும்.

தெற்கே திருவிதாங்கூரில் அய்யங்காளி இதே கதவை வேறு விதமாகத் தட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்க மாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். பஞ்சமி என்னும் புலையச் சிறுமியைச் சேர்க்க முயன்றபோது ஊரூட்டம்பலம் பள்ளிக்கே தீ வைக்கப்பட்டது. புனேயில் சோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848 முதலே பள்ளிகள் நடத்தி வசவையும் சாணியடியையும் ஏற்றிருந்தார்கள். இவற்றோடு ஒப்பிடும்போது சகஜானந்தரின் வழி மோதலற்றதாகத் தோன்றலாம். அவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் தனிக் கட்டடம் எழுப்பினார். அதற்கு எல்லாச் சாதியினரிடமும் நன்கொடை பெற்றார். அரசின் மானியத்தையும் கேட்டு வாங்கினார்.

அவருடைய கல்விப் பணியின் உயிர்நிலை விடுதி. சிதம்பரம் வட்டாரத்து நெல்வயல்களில் மாடு மேய்க்கும் பையனுக்குப் பாடம் இலவசம் என்றால் போதாது. அவன் இழக்கும் கூழையும் பள்ளியே ஈடுசெய்தாக வேண்டும் என்பதை அவர் தம் பிறந்த ஊரிலேயே கண்டவர். ஆகவே உணவும் உறைவிடமும் கல்வியோடு பிரிக்க முடியாதவையாக அங்கே அமைந்தன. பண்ணையின் கைக்கு எட்டாத தொலைவில் பிள்ளையை வைத்திருப்பதும் விடுதியால்தான் இயன்றது. கடனுக்காகப் பையனைப் பண்ணைவேலைக்கு அனுப்பச் சொல்லும் ஆள் வீட்டுக்கு வரலாம், விடுதிக்கு வரமுடியாது. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கல்வி ஏற்பாடு செய்யப்பட்டது அக்காலச் சூழலில் சிறிய செய்தியன்று. பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது கல்விச் செலவே என்ற கருத்து, 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம்விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சியினர் தொடங்கிய மதிய உணவிலும், 1956இல் காமராசர் ஆட்சியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது மாநில அளவில் விரிந்த திட்டத்திலும் அரசுக் கொள்கையாக உருவெடுத்தது. அந்தக் கொள்கைக்குச் சிதம்பரம்தான் ஊற்று என்று சொன்னால் அது மிகையாகிவிடும். ஆனால் அதே கணக்கை அங்கே ஒரு துறவி அரசுக்கு முன்பே போட்டு முடித்திருந்தார் என்று சொல்வது மிகையாகாது.

1927 செப்டம்பரில் காந்தியடிகள் சிதம்பரம் வந்து நந்தனார் பெயரிலான கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். நடராசர் கோயிலுக்குள் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் செல்ல முடியாத காலம் அது; சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்த முழுமையான சட்டம் வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

சட்டசபையில் காவியுடை

சகஜானந்தர் 1926இல் சென்னை மாகாண சட்டசபைக்குள் நுழைந்தார். 1932க்குப் பிறகு வந்த இடைவெளி நீங்கலாக, 1959ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் மறையும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் மன்றத்தில் இருந்தார். விடுதிகளும் உதவித்தொகையும் குடிமனையும் நிலமும் அங்கே அவர் திரும்பத் திரும்ப எழுப்பிய கோரிக்கைகள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், ஓமக்குளத்தில் சிறு அளவில் தாம் செய்துகாட்டியதை மாநில அளவில் அரசே செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியதாகவே அவை தெரிகின்றன. அவருடைய உரைகளை எழுத்தாளர் ரவிக்குமார் பிற்காலத்தில் தொகுத்து வெளியிடும் வரை, அந்தப் பேச்சுகள் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளுக்குள்ளேயே உறங்கிக்கிடந்தன. அவருடைய படத்துக்கு மாலையிட்டவர்கள் பலர். அந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் சிலரே.

அவர் மீது விமரிசனங்களும் உண்டு. காங்கிரசோடு இணங்கிச் சென்றதும், சைவத்தை விடாது பற்றியதும், அம்பேத்கர், அயோத்திதாசர் வழிவந்தோருக்கு உவப்பாக இல்லை. இந்த விமரிசனத்தை ஒதுக்கிவிட முடியாது. கதைகளின் பிடியை உடைக்காமல் கட்டடங்களை மட்டும் எழுப்பினால் போதுமா என்பது நியாயமான கேள்வி. எனினும், தங்கவயல் தொழிலாளர்கள் பௌத்த சங்கத்தின் வழியாகத் தேடிச் சென்ற அதே எழுத்தறிவைத்தான், அதே தங்கவயலிலிருந்து கிளம்பிய சைவத் துறவி மடத்தின் வழியாகத் தேடினார். சமயத்தில் பிரிந்த இருவரும் பள்ளிக்கூடத்தில் சந்திக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று விட்டுவிடாமல், சேரியிலிருந்து பிடுங்கி நடப்பட்டு, முதன்முறையாகக் காசைக் கையில் கண்ட ஒரு மக்கள் திரளின் விருப்பம் எதுவாக இருந்தது என்பதற்கான சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ரயில்களில் தங்கவயல்காரர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த நகரத்தின் அலுவலகங்களில் இடம்பெற முடிந்ததென்றால், கம்பெனி கொடுத்த குடியிருப்பாலோ மண்மேட்டில் மீந்துகிடக்கும் பொன்துகளாலோ அது நிகழவில்லை. பேத்தமங்களா ஏரியை நம்பியிருந்த நகரம் இன்று தண்ணீருக்கும் வேலைக்கும் அலைகிற நிலையில், அங்கே மதிப்புக் குறையாத சொத்தாக மிஞ்சியிருப்பது சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தேடிய படிப்புதான்.

சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மேல்நிலைப் பள்ளிகள் அரசின் பொறுப்பில் நடந்துவருகின்றன. தமிழகத்தின் ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகளையும் பிற நலத்துறைகளின் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தபோது, தனிப் பள்ளி என்ற அடையாளமே ஒதுக்கலின் தொடர்ச்சி என்று சிலர் அதை வரவேற்றார்கள். இந்தப் பள்ளிகளின் நிலமும் விடுதியும் தனி நிதி ஒதுக்கீடும் பொதுத் துறைக்குள் கரைந்து காணாமற்போகும் என்று அஞ்சி எதிர்த்தவர்களும் அதே சமூகத்தைச் சேர்ந்தவர்களே. 609 பள்ளிகளின் காலத்தில் தனிக் கட்டடம் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அப்படிக் கட்டியவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதை இரு தரப்பினரும் தத்தமக்கு ஏற்பவே சொல்லிக்கொள்கிறார்கள்.